விளக்கைப் பார்த்துவிட்டு அணையுங்கள்

நெட் நின்றதும் எல்லோருடைய கையும் மோடத்தின் சுவிட்சுக்குத்தான் போகிறது. அணைத்துப் போட்டால் பல நேரம் சரியாகியும் விடுகிறது. ஆனால் அணைப்பதற்கு முன் பெட்டியின் விளக்குகளை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று அவையே ஓரளவு காட்டிவிடும்.

'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால், ஃபைபர் வழியே வரவேண்டிய ஒளி வரவில்லை. அப்போது ஊசியால் குத்தி ரீசெட் செய்யாதீர்கள். ஒளி திரும்பாது, போனுக்கும் நெட்டுக்கும் போட்டுவைத்த அமைப்புகள் அழிந்து, வேலை இரண்டாகும். வயரைப் பாருங்கள். பீரோவை நகர்த்தியபோது நசுங்கியிருக்கலாம், ஜன்னல் இடுக்கில் மடங்கியிருக்கலாம். ஒளி ஓடும் உட்பகுதியின் விட்டம் 9 மைக்ரான்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றிய பழக்கம் இங்கே செல்லாது. முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

சிவப்பு இல்லை, 'பான்' விளக்கு மட்டும் விடாமல் மின்னுகிறது என்றால், ஒளி வந்தும் எக்ஸ்சேஞ்ச் உங்கள் பெட்டியை இன்னும் பதிந்துகொள்ளவில்லை. புகார் செய்யும்போது "நெட் வரலை" என்று நிறுத்தாமல் எந்த விளக்கு எப்படி எரிகிறது என்று சொல்லுங்கள். சரிசெய்ய வருகிறவரிடம் ஒளியை அளக்கும் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம் அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால், இன்று ஓடினாலும் சீக்கிரமே தகராறு செய்யும். 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிடுகிறது. விளக்கெல்லாம் ஒழுங்காக இருந்தும் வேகம் இல்லையென்றால் லேன் வயரில் லேப்டாப்பை மாட்டிப் பாருங்கள். அதில் வேகம் இருந்தால் குறை வைஃபையில்.

எனக்குக் கவலை இதே ஃபைபரில் வரும் லேண்ட்லைனைப் பற்றித்தான். பழைய செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. ஊரெல்லாம் இருட்டாக இருந்தாலும் போன் அடிக்கும். ஃபைபரில் கரண்ட் வராது, ஒளிதான் வரும். வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், போனும் செத்துவிடும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, அந்த ஒரு போனை நம்பியிருக்கும் பெரியவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? மழை இரவில் 108ஐ அழைக்க ரிசீவரை எடுத்த பிறகா தெரியவேண்டும்? இணைப்புக் கொடுக்க வருகிறவர்களே உட்கார்ந்து விளக்கவேண்டிய விஷயம் இது.

ஊரில் அப்பா அம்மா இருந்தால் அடுத்தமுறை போகும்போது மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். போனின் வயர் பழைய சுவர்ப் பெட்டியில் இல்லாமல் மோடத்தின் போன் துளையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்ட்லெஸ் வேண்டாம், அதற்கும் தனியாகக் கரண்ட் தேவை. வயர் வைத்த சாதாரண போன் போதும்.