செவிலியர் தேர்வு

செவிலியர் படிப்பை முடித்து, அமெரிக்க உரிமத்துக்குரிய என்கிளெக்ஸ் தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்.

ஐந்து மணி நேரத்துள் 85 முதல் 150 வினாக்கள் வரை வரும். 2023 ஏப்ரலில் வந்த புதிய முறை, நோயாளியின் நிலையறிந்து முடிவு செய்யும் திறனையே பெரிதும் சோதிக்கிறது. மனப்பாடம் மட்டும் கைகொடாது.

வயது வந்தோர்க்கு டிஜாக்சின் கொடுக்குமுன் இதயத் துடிப்பை முழு நிமிடம் எண்ணுதல் வேண்டும். 60-க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்தி மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். பொட்டாசியம் குளோரைடைக் கரைக்காது விரைந்து இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

வினாவில் நேரும் பிழைக்கு மறுதேர்வு உண்டு. நோயாளியிடம் நேரும் பிழைக்கு இல்லை.

பெற்றோர்களே, தேர்வு முடியும்வரை இப்பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அழையாதிருத்தல் நம் கடமை என்று கருதுகிறோம்.