கிட்னி கேன்சர் ரத்தக் குழாய்க்குள் போனால் 4-ம் ஸ்டேஜா? ஸ்கேன் ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

‘கட்டி ரத்தக் குழாய்க்குள்ள போயிடுச்சு’ என்று டாக்டர் சொன்னதுமே, ‘அப்போ கடைசி ஸ்டேஜ்தான்’ என்று குடும்பமே இடிந்துபோய்விடும். ஆனால், சிறுநீரகப் புற்றுநோயில் கணக்கு வேற.

இந்தக் கட்டிக்கு ஒரு விநோத குணம் உண்டு. சிறுநீரகச் சிரைக்குள் நுழைந்து, கொடி மாதிரி வளர்ந்து, வயிற்றின் பின்பக்கம் ஓடும் கீழ்ப்பெருஞ்சிரைக்குள் ஏறும். சிலருக்கு இதயத்தின் வலது மேலறையையே தொட்டுவிடும். 100 நோயாளிகளில் ஏறக்குறைய 4 முதல் 10 பேருக்கு இப்படி ஆகிறது. எவ்வளவு நீண்டாலும் அது அதே கட்டியின் தொடர்ச்சிதான். நுரையீரல், எலும்பு என வேறு உறுப்புகளில் பரவாதவரை பொதுவாக 3-ம் ஸ்டேஜ்தான். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டியை முழுசாக அகற்ற முடிந்தால், ஏறக்குறைய பாதிப் பேர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள்.

சரி, ரிப்போர்ட்டில் வரும் ‘டி3’ என்ன? சிறுநீரகச் சிரையோடு நின்றால் டி3ஏ. பெருஞ்சிரைக்குள் போய் உதரவிதானத்துக்குக் கீழேயே இருந்தால் டி3பி. அதையும் தாண்டினாலோ, சிரையின் சுவரை அரித்தாலோ டி3சி.

சிக்கல் அந்த ‘பி’யில்தான். கல்லீரலுக்கு ரொம்பக் கீழே நிற்கும் கட்டியும் டி3பி, கல்லீரல் சிரைகளைத் தாண்டியதும் டி3பி. முதலாவதில் சிரையைக் கவ்வியால் பிடித்து, திறந்து எடுத்துவிடலாம். இரண்டாவதில் கல்லீரலையே விலக்கி வேலை செய்ய வேண்டும். இதயம்வரை போயிருந்தால் இதய சர்ஜனும், பல நேரங்களில் இதய-நுரையீரல் இயந்திரமும் தேவை. அதனால் கட்டியின் மேல்முனை எங்கே நிற்கிறது, கல்லீரல் சிரைகளிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கணும். வெறும் ‘டி3பி’ போதாது.

முதலில் எடுப்பது கான்ட்ராஸ்ட் சி.டி. இதிலும் ஒரு குழப்பம் வரும். மருந்து ஏற்றிய சில விநாடிகளிலேயே படம் எடுத்தால், சிறுநீரகத்திலிருந்து வரும் மருந்து கலந்த ரத்தமும் காலிலிருந்து வரும் மருந்து கலக்காத ரத்தமும் சேர்ந்து, இல்லாத அடைப்பை இருப்பதுபோல் காட்டலாம். கொஞ்சம் தாமதித்து எடுக்கும் படத்தில் அது தெளிந்துவிடும். மேல்முனை சரியாகத் தெரியாவிட்டாலோ, சுவர் அரிப்பு சந்தேகம் இருந்தாலோ எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். கட்டி என்றால் மருந்தை வாங்கிப் பளிச்சிடும். சாதாரண ரத்தக்கட்டி பளிச்சிடாது. ரெண்டும் ஒரே சிரையில் சேர்ந்தும் இருக்கலாம்.

இன்னொன்று, ஸ்கேனின் தேதி. சில வாரங்களிலேயே கட்டி மேலே ஏறலாம் என்பதால், பழைய படத்தை நம்பாமல் ஆபரேஷனுக்கு முன் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். மேலே வரை போன கட்டி என்றால், தியேட்டரிலேயே உணவுக்குழாய் வழியாக எக்கோ கருவியை இறக்கி இன்னொரு முறை பார்த்துக்கொள்வதும் உண்டு.