மின்சாரம் தண்ணியைத் திருப்பித் தரும், நெல் தராது: இரண்டு ஆறுகளுக்கு நடுவில் பினாங்கு

2024 ஜனவரி 10 தொடங்கி நான்கு நாள், பினாங்கில் சுமார் 5 லட்சத்து 90 ஆயிரம் பயனீட்டாளர்களுக்கு நீர் விநியோகம் தடைபட்டது. காரணம் வறட்சி இல்லை. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலை, அவ்வளவுதான். ஆனால் வாளியும் கையுமாக நின்ற அந்த நாட்கள் ஒரு விஷயத்தைப் புரிய வைத்தன. தீவும் செபெராங் பிறையும் பெரும்பாலும் இந்த ஒரு நிலையத்தை நம்பி இருக்கின்றன. அந்த நிலையமோ ஓர் ஆற்றை நம்பி இருக்கிறது. அதுதான் சுங்கை மூடா.

சரி, அந்த ஆற்றில் பினாங்குக்கு முன்னாடி யார் யார் தண்ணி எடுக்கிறார்கள்?

ஆறு யாருடையது?

சுங்கை மூடா கெடாவின் காடுகளில் பிறந்து, கடலை நெருங்கும்போது கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. பினாங்கு தன் பக்கக் கரையில், லஹார் தியாங்கில் நீர் எடுக்கிறது. மாநிலத்துக்குத் தேவையான மூல நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இங்கிருந்துதான் வருகிறது.

காட்டைப் பாதுகாப்பது நாங்கள், அதனால் ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடுங்கள் என்று கேட்டார் கெடா மந்திரி பெசார் முஹமட் சனுசி. இயற்கையாக ஓடிவரும் ஆறு இது, எங்கள் கரையில்தானே எடுக்கிறோம் என்பது பினாங்கின் பதில். இந்தப் பண விவகாரம்தான் தலைப்புச் செய்தி ஆகிறது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, மேலே எவ்வளவு நீர் திருப்பி விடப்படுகிறது என்பது.

நெல்லுக்கு எவ்வளவு போகிறது?

1960களின் இறுதியில், உலக வங்கிக் கடனில் மூடா, பெடு அணைகள் கட்டப்பட்டன. மூடா அணையில் சேரும் நீர், மலையைக் குடைந்த 6.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக பெடு அணைக்குப் போகிறது. அங்கிருந்து கெடா, பெர்லிஸ் சமவெளியில் சுமார் ஒரு லட்சம் ஹெக்டர் வயலுக்குப் பாய்கிறது. நாட்டின் நெல் உற்பத்தியில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்த வட்டாரத்தில் விளைகிறது. ஆக, நம் தட்டில் இருக்கும் சோற்றுக்கும் இந்த நீர்தான்.

ஆனால் அப்படிப் போன நீர் சுங்கை மூடாவுக்குத் திரும்பி வராது. உலக சராசரிப்படி ஒரு கிலோ நெல்லுக்கு மழையும் பாசனமும் சேர்த்து சுமார் 2,500 லிட்டர் தேவை. அதில் பெரும் பகுதி ஆவியாகும், இல்லையென்றால் மண்ணுக்குள் இறங்கும். சீக் மாவட்டத்தில் உள்ள பெரிஸ் அணை, வறண்ட மாதங்களில் சுங்கை மூடாவுக்கு நீரைத் திறந்துவிட்டு ஓரளவு ஈடுகட்டுகிறது. அந்த நீரை பினாங்கின் குழாய்களும், செபெராங் பிறை வடக்கின் வயல்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அப்போ மின் நிலையம்?

இங்கேதான் பக்கத்து ஆறு கதைக்குள் வருகிறது. மாற்று வழியாக பினாங்கு பல ஆண்டுகளாகக் கேட்பது சுங்கை பேராக் நீரை. அந்த ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று படிக்கட்டு மாதிரி வரிசையாக நீர்மின் அணைகள் இருக்கின்றன. ஒரே நீர் நான்கு இடத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு மறுபடியும் ஆற்றுக்கே வந்துவிடுகிறது. ஏரிகளில் ஆவியாகும் இழப்பு உண்டு. அதைத் தவிர்த்துப் பார்த்தால் மின்சாரம் தண்ணியைக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. மழைக்காலத்தில் பிடித்து வைத்து வறட்சியில் விடுவதால், கீழே ஆறு சீராக ஓடவும் அது உதவும்.

சிக்கல் நேரத்தில்தான். எப்போது, எவ்வளவு திறப்பது என்பதில் மின் தேவைக்கும் வெள்ளத் தடுப்புக்கும் பெரிய பங்கு உண்டு. ஜார்ஜ்டவுன் குழாய் அந்தக் கணக்கில் இல்லை.

பேராக் ஏன் தயங்குகிறது?

அவர்களுக்கும் வயல் இருக்கிறது. கிரியான் பாசனத்துக்கு 1906-இல் உருவான புக்கிட் மேரா ஏரி, வறண்ட பருவங்களில் இறங்கிவிடுகிறது. அதனால் முதலில் எங்கள் விவசாயிகள், எங்கள் தொழிற்பேட்டை என்கிறது பேராக். மூல நீராகக் கொடுப்பதைவிட, சுத்திகரித்து விற்கவே அது விரும்புகிறது.

முடிவெடுக்க வேண்டியது யார்?

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி, ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஓடும் ஆறு அந்த மாநிலத்துக்குச் சொந்தம். மாநில எல்லை தாண்டும் ஆறு, சம்பந்தப்பட்ட மாநிலங்களுக்குள் உடன்பாடு இல்லாவிட்டால், கூட்டரசின் பட்டியலில் வருகிறது. அதாவது சுங்கை மூடா விஷயத்தில் புத்ராஜெயா வேடிக்கை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

வறட்சி வரும்போது வயலுக்கு எவ்வளவு, குழாய்க்கு எவ்வளவு, ஆறு உயிரோடு இருக்க எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உடன்பாடுதான் தேவை. காட்டை வெட்டாமல் வைத்திருப்பதற்கு கெடாவுக்கு ஒரு நியாயமான ஈடும் அதில் இருக்கலாம். உலு மூடா காடு போனால் இந்தச் சண்டைக்கே அர்த்தம் இல்லை.

நம் பங்கும் இருக்கிறது. தலைக்கு அதிகம் தண்ணி செலவழிக்கும் மாநிலங்களில் பினாங்கு பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. ஆற்றின் கடைசியில் இருப்பவர்கள் மேலே இருப்பவர்களிடம் சிக்கனம் கேட்பதற்கு முன்னால், தன் வீட்டுக் குழாயையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.