கட்டிப் போட்டா அடங்கும்; பழக்கினாத்தான் காக்கும்

போன தையில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு கோம்பைக் குட்டி வந்தது. செவலை நிறம், கருத்த மூஞ்சி, பிறந்து 50 நாள். 'கருவாயன்' என்று பேர் வைத்தோம். காட்டுப்பன்றி கடலையைக் கிண்டித் தின்கிறது, காவலுக்கு ஒரு நாய் வேணும் என்பதுதான் எங்கள் கணக்கு.

காவலுக்கு வந்தவனுக்கு நாங்கள்தான் காவல் இருக்க வேண்டியதாகிவிட்டது. சொட்டுநீர்க் குழாயை ஏழு இடத்தில் கடித்து வைத்தான். கத்தரிக்குப் போட்ட மூடாக்கை இழுத்துப் போட்டு அடியில் குழி பறித்தான். நெய் வாசத்துக்குப் போய்ப் பஞ்சகவ்யப் பானையை உருட்டினான். வைகாசியில் ஒரு அடைக்கோழியைக் கொன்று, வாலை ஆட்டிக்கிட்டே வாசல்ல கொண்டாந்து போட்டான்.

பக்கத்துத் தோட்டத்து மாமா சொன்னார்: "செத்த கோழியக் கழுத்துல கட்டி நாலு சாத்து சாத்து மாப்ள. அப்புறம் சங்கிலியப் போடு. தன்னால அடங்கும்."

நானும் தடியை எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடித்தேன். அதற்குப் பிறகும் கோழியை விரட்டுவது நிற்கவில்லை. நான் பார்க்கும்போது மட்டும் சும்மா இருந்தான். ஆனால் நான் கூப்பிட்டால் வருவதை அடியோடு நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூச்சியைக் கண்டதும் மருந்தைத் தூக்காதே, அது ஏன் வந்ததுன்னு பாரு என்று ஊர் ஊராகப் பேசுகிறோம். குட்டி குழாயைக் கடித்தால் மட்டும் தடியைத் தூக்குகிறோம். மண்ணுக்கு ஒரு நியாயம், நாய்க்கு ஒரு நியாயமா?

குட்டிக்கு நாலாம் மாதம் வாக்கில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு நமநமக்கும். கடிக்க ஏதாவது வேண்டும், குழாய் கிடைத்தது, கடித்தான். பருத்திக் கயிற்றில் பெரிய முடிச்சு போட்டுக் கொடுத்தேன், குழாய் தப்பித்தது. கோழி விஷயமும் அப்படித்தான். கோம்பை, வேட்டைக்கென்றே வளர்த்து வந்த இனம். ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். அந்தத் துடிப்புக்காகத்தானே வாங்கினோம்?

கிடை போட வந்த ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார்: "தப்புக்கு அடிக்காதய்யா. கூப்பிட்டு வந்தா குடு."

காலையும் மாலையும் பத்து நிமிடம், நீளக் கயிற்றில் பிடித்துக் கோழிகளுக்கு நடுவே நடத்தினேன். கோழியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தால் அவித்த ஈரல் ஒரு துண்டு. பாய்ந்தால் திட்டுவதில்லை, திரும்பி வேறு பக்கம் நடப்பேன். 'வா' என்று கூப்பிட்டு வந்துவிட்டால், என்ன செய்துவிட்டு வந்தாலும் அடியும் இல்லை, வசவும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான். ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டால் குட்டி குழம்பும். இப்படி இரண்டு மாதம் பிடித்தது.

அதற்கான கூலி ஆவணியில் கிடைத்தது. எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் எலிக்கு வைத்த விஷச் சோற்றை மோந்துகொண்டு நின்றான். முப்பதடி தூரம் இருக்கும். 'வா' என்றேன். திரும்பி ஓடி வந்தான். எனக்குக் கைகால் நடுங்கிப் போச்சு. அடித்தே வளர்த்திருந்தால் வந்திருப்பானா?

"கட்டிப் போட்டிருந்தா அங்க போயிருக்கவே மாட்டானே" என்று கேட்பீர்கள். காலமெல்லாம் கட்டிக் கிடக்கும் நாய் நின்ற இடத்தில் குரைக்கும், அவ்வளவுதான். என்றைக்காவது ஒருநாள் அறுத்துக்கொண்டு ஓடும். அன்றைக்கு அது யார் பேச்சைக் கேட்கும்?

நம் இயற்கை வழித் தோழர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு முன் வளர்த்த குட்டிக்கு 'ஊசி எதுக்கு' என்று விட்டுவிட்டேன். ரத்தக் கழிச்சல் கண்டு மூன்றே நாளில் செத்துப்போனது. பார்வோ நோய் என்றார் மருத்துவர். நான் கொடுத்த எந்தக் கை வைத்தியமும் அதைக் காப்பாற்றவில்லை. 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் தடுப்பூசியைப் போட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தடுத்துப் போடுங்கள். மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். வெறிநோய் வந்த நாய் பிழைக்காது, மனிதரும் பிழைப்பது அரிதிலும் அரிது. குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: ஆசையாகக்கூடத் திராட்சை கொடுக்காதீர்கள். நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கருவாயன் இப்போது ராத்திரியில் வரப்பைச் சுற்றி வருகிறான். பன்றி வருவதே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது. பகலில் அவன் படுத்திருக்க, முன்னாலேயே கோழி குஞ்சுகளோடு மேய்கிறது. காது மட்டும் துடிக்கும், எழுந்திருக்க மாட்டான்.

நாட்டு நாய்க் குட்டி வாங்கப் போகிறவர்களே, பணத்தை எண்ணுவதற்கு முன்னால் நேரத்தை எண்ணிப் பாருங்கள். தினமும் அரை மணி நேரம் அதனோடு இருக்க முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். முடியாதென்றால், சங்கிலியை நம்பி ஒரு உயிரை வாங்காதீர்கள்.