மருதத்தை மனப்பாடத்திலிருந்து மீட்போம்

மருதம் யாது என்று நம் மாணவரைக் கேளுங்கள். “வயலும் வயல் சார்ந்த இடமும்” என்று இமைப்பொழுதில் விடை வரும். அந்நிலத்துக்குப் பெயர் ஈந்த மரம் எது, அதன் பூ என்ன நிறம், இதழ் எத்தனை என்று அடுத்துக் கேளுங்கள். வகுப்பறை வாயடைத்துப் போகும். குறை மாணவருடையதன்று, காணாததைக் கற்பித்துவரும் நம்முடையது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்வோம்.

அண்மையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்திணை குறித்துப் பேசச் சென்றிருந்தேன். வகுப்பின் சுவரில், இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்ட மலர்ப்படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. வேலிக்கு அப்பால், சாலையோரத்தில், ஊதாக் கொத்துகளைச் சுமந்தபடி பூமருது ஒன்று நின்றது. அதன் பெயரைக் கேட்டேன். “புங்கோர், ஐயா” என்று மலாய்ப் பெயரைத் தெளிவாகச் சொன்னாள் ஒரு மாணவி. அவளைப் பாராட்டினேன். தமிழ்ப்பெயரோ எவர் வாயிலும் வரவில்லை.

மருதம் என்றது நீர்மருதையா, பூமருதையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் ஆற்றங்கரையில் செழிப்பவை. நீர்மருதின் பூ வெளிர்மஞ்சள் நிறத்தது, மிகச் சிறியது, இதழற்றது. பூமருதின் பூவோ சுருங்கி மடிந்த ஆறு இதழ்களோடு, நடுவே மஞ்சள் மகரந்தத் திரளை ஏந்திக் கிளை நுனியில் கொத்தாய் நிற்பது. சங்கப் பாடலிலோ மருதின் பூவுக்குச் செம்மை சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வாறாயின் புலவர் கண்ட மரம் எது? இவ்வினாவுக்கு விடைநூலைப் புரட்டிப் பயனில்லை. பூவைக் கண்ட கண்ணுக்கே இவ்வழக்கில் பேசும் உரிமை உண்டு. அந்த உரிமையை நம் பிள்ளைகளுக்கு நாம் மறுத்துவிட்டோம்.

1759-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இப்பேரினத்துக்குத் தம் நண்பரும் சுவீடன் நாட்டு வணிகருமான லாகர்ஸ்ட்ரோமின் பெயரைச் சூட்டினார். சீனத்தைத் தாயகமாகக் கொண்ட சிற்றினம் ஒன்றுக்கு ‘இண்டிகா’ என்ற அடைமொழியும் சேர்ந்துவிட்டது. வணிகர் ஒருவரின் பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய நம் சொல்லோ நம் வகுப்பறை வாசலையே தாண்டவில்லை. இதனினும் நாணத்தக்கது வேறுண்டோ?

ஆகவே ஒன்று சொல்வேன். தமிழ் கற்பிக்கும் பள்ளி ஒவ்வொன்றும் ஒரு மருதையேனும் நடுக. இடம் உண்டெனில் பூமருது. இடமில்லையெனில் நாற்றங்கால்களில் ‘கிரேப் மிர்ட்டல்’ என்று விற்கப்படும் சிறுவகை. அது தொட்டியிலும் பூக்கும். வெயில்தான் அதற்கு உயிர். நிழலில் வைத்தால் இலைமேல் வெண்பொடி படரும், பூ வராது. உரத்தை அள்ளிக் கொட்டினால் இலை தழைக்கும், பூ குறையும். குளிர்நாட்டில் அது பனிக்காலத்தில் இலையுதிர்த்துக் கோடையில் பூக்கும். பனிக்காலமே இல்லாத நம் மண்ணில் பூமருது பெரும்பாலும் வறண்ட நாள்களை அடுத்து மலர்கிறது. பூப்பது புதுத்தளிரின் நுனியில். ஆதலால் வாடிய கொத்தை மட்டும் கிள்ளினால் மறுதளிர் விட்டு மீண்டும் பூக்கும். அழகுபடுத்துகிறோம் என்று ஆண்டுதோறும் தலையை வெட்டி மொட்டையாக்குவோர் உளர். வெட்டுவாயில் நெருங்கிக் கிளைக்கும் மெலிந்த குச்சிகள் பூவின் பாரம் தாங்காமல் தொங்கும். நம் பாடத்திட்டத்தில் இலக்கியம் பட்ட பாடும் இதுவே.

“நிழற்படம் எடுப்பது வீண்பொழுது, கைப்பேசியால்தான் பிள்ளைகள் கெடுகின்றனர்” என்பார் சிலர். பிறர் வளர்த்த பூவின்முன் நின்று தன் முகத்தைப் படமெடுத்துச் செல்வது வீண்தான், மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. ஆசிரியர் கையிலுள்ள ஒரு கைப்பேசி போதும். ஒரே கிளையை, ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒருமுறை, ஓராண்டு முழுவதும் படமெடுக்கட்டும். காலை இளவெயிலில் எடுக்கட்டும். உச்சிவெயில் ஊதாவை வெளிறச் செய்துவிடும். கொத்து உயரத்தில் நிற்பதால் மாடி நடைவழியிலிருந்து எடுக்கட்டும். பழுத்துச் சிவந்த இலை, தளிர், மொட்டு, பூ, ஆறாக வெடிக்கும் காய், சிறகுடைய விதை என ஒவ்வொரு படத்தின் கீழும் மாணவன் தன் சொந்தத் தமிழில் ஐந்து வரி எழுதட்டும். காத்திருந்து எடுத்த படமே பார்வையைப் பயிற்றும்.

“தேர்வில் இது வருமா?” என்ற வினாவை எதிர்பார்க்கிறேன். வராது. ஆனால் தேர்வுக் கட்டுரையில் காணாத தாமரையும் கேளாத குயிலும் ஆண்டுதோறும் வருகின்றனவே, அவற்றுக்கு மதிப்பெண் இட்டவர் யார்? நாமல்லவா? பொய்யான வருணனைக்குப் புள்ளி கொடுத்துப் பழக்கிவிட்டு, மாணவருக்குக் கற்பனை வளம் இல்லையென்று மேடைதோறும் புலம்புவது எவ்வகை நேர்மை?

சிங்கப்பூரில் மரநடுகை இயக்கம் 1963-இல் தொடங்கிற்று. 1971-இல் அதற்கென்று நாளும் குறிக்கப்பட்டது. அந்நாட்டுச் சாலைகளிலும் மலேசியச் சாலைகளிலும் இன்று பூமருது நிழல் தருகிறது. நட்டவர்கள் தம் கடமையைச் செய்துவிட்டனர். அதனைத் தமிழில் பெயர்சொல்லி அழைப்பதே நமக்கு எஞ்சிய கடமை.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த முறை மருதத்திணை நடத்தும்போது நூலை மூடிவிட்டு மாணவரை வெளியே அழைத்துச் செல்லுங்கள். உதிர்ந்த பூவொன்றை எடுத்து இதழை எண்ணச் சொல்லுங்கள். ஆறு என்று எண்ணி முடித்த பிள்ளைக்கு மருதம் இனி ஒருபோதும் மறக்காது.