விழுங்க மறுத்த யந்திரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் காப்பி அருந்திவிட்டுப் பத்திரிகையைக் கையில் எடுத்தோம். கூடத்திலிருந்து எழுந்த கூச்சலைக் கேட்டு, பட்டப் பகலில் திருடன்தான் புகுந்துவிட்டானோ என்று பதறி ஓடினோம். திருடன் இல்லை. நமது பேரன், கையில் பளபளவென்ற ஒரு டிஸ்க்குடன், பரீக்ஷையில் தவறியவனைப் போல் நின்றுகொண்டிருந்தான்.

"தாத்தா! டிஸ்க்கை உள்ளே வாங்க மாட்டேன் என்கிறது!" என்றான்.

நேயர்கள் பலருடைய வீட்டில் இந்த விளையாட்டு யந்திரம் இருக்கும். கன்ஸோல் என்பது அதன் நாமதேயம். நம் வீட்டு யந்திரத்தை எந்தக் கம்பெனி செய்தது என்பது இங்கே அவசியமில்லை. இந்த வியாதி எல்லாக் கம்பெனிகளுக்கும் பொது.

பையன் அறிந்த சிகிச்சை பலமாகத் தள்ளுவது. அவன் தகப்பனார் அறிந்த சிகிச்சை யந்திரத்தின் தலையில் ஒரு குட்டு. பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவருக்கு டெலிபோன் செய்தோம். அவர் யந்திரத்தைக் கண்ணால் பாராமலே, "டிரைவையே மாற்ற வேண்டும், ஸார்!" என்று தீர்ப்பளித்து, ஒரு தொகையும் சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டவுடனே நமக்கு யந்திர சாஸ்திரத்தில் அபாரமான சிரத்தை உண்டாகிவிட்டது.

இந்த வகை யந்திரத்தில் டிஸ்க்கை உள்ளே செலுத்துவது நம் கை அன்று. நாம் விளிம்பை வாயில் வைத்தால் போதும். உள்ளே இருக்கும் உணர்வுக் கருவி அதை அறிந்து மோட்டாரை முடுக்கிவிடுகிறது. ஒரு ரப்பர் உருளை 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமுமுள்ள அந்த டிஸ்க்கைக் கவ்வி இழுத்துக்கொள்கிறது. ஏற்கனவே ஒன்று உள்ளே இருந்தால், அடுத்ததை வரவொட்டாமல் தடுக்கவும் ஏற்பாடு உண்டு. ஆகவே, டிஸ்க் உள்ளே போகாமல் முரண்டு செய்யும்போது, யந்திரம் தன் வயிறு நிறைந்திருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வயிறு நிறைந்தவன் வாயில் மேலும் சோற்றைத் திணித்தால் என்ன ஆகும்? டிஸ்க்கில் கீறல் விழும். உருளை இடம் பெயரும்.

தள்ளுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டோம். சத்தமே இல்லையென்றால் உணர்வுக் கருவியிலோ உள்ளே செல்லும் நாடாக் கம்பியிலோ கோளாறு இருக்கலாம். மோட்டார் சுழன்றும் டிஸ்க் வழுக்கினால், உருளையில் தூசி படிந்திருக்கும், அல்லது ரப்பர் மூப்படைந்திருக்கும். நம் யந்திரமோ இரண்டிலும் சேரவில்லை. எதையோ வெளியே துப்ப முயல்வதுபோல் மூன்று முறை உறுமிவிட்டு ஓய்ந்தது.

உடனே மின்சாரத்தை நிறுத்தி, கம்பியையும் பிடுங்கச் செய்தோம். இதில் மட்டும் அலட்சியம் கூடாது. பிறகு டார்ச் விளக்கை வாயருகே பிடித்துப் பார்த்தால், உள்ளே ஏதோ மினுக்கென்றது! யந்திரத்தை மெதுவாகச் சாய்த்து, மூங்கில் குச்சியால் இதமாக நகர்த்தினோம். கால் மணி நேரத்துக்குப் பிறகு வெளியே வந்து விழுந்தது ஓர் ஐந்து ரூபாய் நாணயம்.

எல்லோருடைய பார்வையும் நாலு வயதுப் பேத்தியின் மேல் திரும்பிற்று.

"சாமி உண்டியல்னு நெனச்சேன், தாத்தா" என்றாள் குழந்தை.

அவளைக் கோபிக்க நமக்கு மனம் வரவில்லை. நீண்ட வாய், கறுப்புப் பெட்டி, எதிரே வீட்டார் பக்தியுடன் மணிக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு என்னவென்றுதான் அவள் நினைப்பாள்?

உண்மையாகவே டிஸ்க் உள்ளே சிக்கியிருந்தால் அதற்கும் வழி செய்துதான் வைத்திருக்கிறார்கள். 2013-ல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4-ல் இதற்கென்றே ஒரு திருகாணி உண்டு; மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு அதைத் திருப்பினால் டிஸ்க் வெளியே வரும். அதே ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஒரு சிறு துவாரம். நிமிர்த்திய காகிதக் கிளிப்பே அதற்குச் சாவி. 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 நாக்கை நீட்டி வாங்கும் ஜாதி. அதில் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டால் நாக்கே வெளியே வராது.

நமக்குக் கவலை தந்தது கடைக்காரர் சொன்ன தொகை மட்டுமல்ல. இந்த யந்திரங்கள் பலவற்றில் டிரைவின் மின்பலகைக்கும் தாய்ப் பலகைக்கும் தொழிற்சாலையிலேயே ரகசிய விவாகம் செய்துவைத்து அனுப்புகிறார்கள். வேறொரு யந்திரத்து டிரைவை அப்படியே கொண்டுவந்து பொருத்தினால், அது விளையாட்டு டிஸ்க்குகளைப் படிக்காது. உருளை, மோட்டார் முதலியவற்றை மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பலகையை மட்டும் விடக் கூடாது. இது தெரியாத கடையில் கொடுத்து, பழைய பலகை குப்பைக்குப் போய்விட்டால், அலமாரியில் அடுக்கியிருக்கும் டிஸ்க்குகளை அந்த யந்திரத்தில் போட்டு விளையாட முடியாது. 2023-ல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-ல் டிரைவைக் கழற்றி மாட்டலாம் என்றார்கள். அதற்கும் இணையத்தின் வழியாகக் கம்பெனியின் சம்மதம் பெற வேண்டும். 2024-ன் பிளேஸ்டேஷன் 5 புரோவிலோ டிரைவே கிடையாது. வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பழுது பார்க்க, விற்றவனிடம் உத்தரவு கேட்கும் இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை. டிஸ்க் என்று ஒன்று கையில் இருந்தால் சிநேகிதனுக்கு இரவல் தரலாம், அலுத்துப்போனால் விற்கலாம். நம் பேரன் அன்று வைத்திருந்ததே இரவல் டிஸ்க்தான். மறுநாள் திருப்பித் தர வேண்டியது.

மின்சாரம் கொடுத்தோம். பேரன் மூச்சை அடக்கிக்கொண்டு டிஸ்க்கின் விளிம்பை வாயில் வைத்தான். 'விர்'ரென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

ஐந்து ரூபாயைப் பேத்தியிடமே கொடுத்துவிட்டோம். அவளுக்காக ஒரு மண் உண்டியலும் அன்று மாலையே வாங்கியாயிற்று.