எண்ணிப் பார்த்தால் போதுமா?

சன்ஃபீஸ்ட் மேரி லைட் பாக்கெட்டில் 16 பிஸ்கெட் இருக்கணும், 15தான் இருந்தது. 2023-ல் நம்ம திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் கோர்ட், ஐ.டி.சி. கம்பெனியை ஒரு லட்ச ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. சபாஷ்!

சரி, பூந்தமல்லி கடைகளில் பிள்ளைகளுக்கு பிஸ்கெட் வாங்கும் நாம், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிறோமா? எந்தப் பொருள் அதிகமோ, அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில் என்றுதான் ஆரம்பிக்கும்!

100 கிராமுக்கு சர்க்கரை 25 கிராம் என்று போட்டிருந்தால், அது சுமார் 6 டீஸ்பூன். பெரியவர்களே ஒரு நாளைக்கு அதற்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு பிஸ்கெட் குறைந்தால் கேட்க கோர்ட் இருக்கு. சத்து குறைந்தால் நாமதான் கேட்கணும். சாயங்காலம் ஒரு கைப்பிடி சுண்டல் கொடுத்துப் பாருங்களேன்!